ஆரஞ்சுப் புள்ளி

என் கணவனுக்கு,

இல்லை, நேற்று நான் எழுந்து போனது தலைவலியால் அல்ல. உன் ஓவியத்தைப் பார்க்க வந்த வல்மோன் கேட்டார்: “இருட்டுல, சேன் ஆத்து நடுவுல, இந்த ஒத்தை ஆரஞ்சுப் புள்ளி எதுக்குய்யா?”

“அதுவா? காத்திருக்கிற ஆன்மாங்க!” என்றாய்.

ஆன்மாவாம். அது ஆற்றில் கட்டிக் கிடக்கும், பெண்கள் துணி துவைக்கும் சலவைப் படகின் விளக்கு. நீ பாரிஸ் இரவைப் புள்ளி புள்ளியாக வைத்த குளிர்காலம் முழுக்க, அதன் கீழேதான் நான் ஊரார் துணியைத் துவைத்தேன். “உன் புருஷன் பொட்டு வெச்சு முடிக்கிறதுக்குள்ள உன் கை அழுகிடும்டி,” என்று பக்கத்தில் துவைக்கும் கொலேத் சிரிப்பாள்.

அது என் விளக்கு என்று உனக்கும் தெரியும்.

உங்கள் கூட்டத்து ஓவியர்கள் கறுப்பைத் தொடவே மாட்டார்கள், நிழலுக்கும் நீலம்தான். இன்று காலை ஒரு குழாய் கறுப்பு வண்ணம் வாங்கி வந்து, உன் ஓவியத்தில் அந்த விளக்கை மூடி ஒரு புள்ளி வைத்தேன். பிறகு ரூவனிலுள்ள அக்கா வீட்டுக்கு ரயிலேறினேன்.

துணி துவைத்தவள்