நாற்பத்தொரு ஐந்து நட்சத்திரங்கள்

மார்ச் 6, 2025, வியாழன்

தவக்காலம் தொடங்கிவிட்டது. தவக்காலத்தில் எங்கள் கோயிலில் கல்யாணம் கிடையாது. ஆனால் ஈஸ்டர் முடிந்த மறுவாரத்திலிருந்து வரிசையாகக் கல்யாணம்தான். நான் தைக்கும் கல்யாணக் கவுன்களுக்கெல்லாம் இந்த நாற்பது நாளில்தான் அளவு கொடுப்பார்கள். இப்போது வராத பெண் அப்புறம் வரப்போவதில்லை. இன்றைக்கு ஒருத்தியும் வரவில்லை.

என் வீட்டுக்காரர் கிளாரன்ஸ் மதியம் டப்பாவில் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு டிரினிட்டி ஸ்டேஷனில் மெட்ரோ ஏறி, பெங்களூரின் மறுகோடியில் இருக்கும் வைட்ஃபீல்டு வரை போய்வந்தார். எதற்கு? அங்கே நின்றுகொண்டு ஃபோனில் 'கல்யாண கவுன் தைக்கும் கடை' என்று தேடினால் நம் கடை வருகிறதா என்று பார்க்க. தேடுகிறவர் நிற்கும் இடத்துக்குத் தகுந்தபடி மேப்பில் கடைகளின் வரிசை மாறுமாம். போன வாரம் இதே ஆராய்ச்சிக்குக் கோரமங்களா.

சாயங்காலம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். "யூனிஸ், வைட்ஃபீல்டுல நாம இல்லவே இல்ல."

"நாம ஆஸ்டின் டவுன்ல இருக்கோம். அங்க எதுக்கு இருக்கணும்?"

நோட்டை எடுத்து 'வைட்ஃபீல்டு – முதல் அறுபதில் இல்லை' என்று எழுதினார். அறுபது வரை எண்ணியிருக்கிறார் மனுஷன்!

மார்ச் 9, ஞாயிறு

இரண்டு பேர் அளவு கொடுத்தார்கள். ஒருத்தி குட்டை, ஒருத்தி நெட்டை. இருவருக்கும் ஒரே படத்தில் பார்த்த அதே கவுன் வேண்டுமாம்.

மார்ச் 14, வெள்ளி

இவர் வேலை பார்த்த கம்பெனி மூடி இரண்டு வருஷம் ஆகிறது. முப்பது வருஷம் டூல் ரூமில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்த கை. முதல் மாதம் வீட்டில் இருந்த எல்லாக் கதவுகளின் கீலையும் கழற்றி மாட்டினார். இரண்டாவது மாதம் என் கத்தரிகள் எல்லாவற்றையும் சாணை பிடித்தார். ஒன்று இப்போதும் வெட்டவில்லை, சொல்லவில்லை நான். அதற்கப்புறம்தான் கடையின் ஃபோனையும் மேப்பையும் கையில் எடுத்தார். "இனிமே மார்க்கெட்டிங் என் டிபார்ட்மெண்ட்" என்றார். எங்கோ போய்த் தொலையட்டும், கீல்கள் தப்பின என்று விட்டுவிட்டேன்.

கஸ்டமர் யாராவது மேப்பில் ரிவ்யூ எழுதினால் கடை பெயரில் பதில் எழுதுவதும் இவர்தான். கட்டிங் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து முதலில் நோட்டில் எழுதி, அடித்து, திருத்தி, அப்புறம் ஃபோனில் ஒற்றை விரலால் தட்டுவார். நான்கு வருஷத்தில் மொத்தமே பதினோரு ரிவ்யூ. அதற்கு இவ்வளவு பாடு. என்ன எழுதுகிறார் என்று நான் கேட்டதில்லை. சாட்டின் துணி மேல் பேனா மை பட்டுவிடப்போகிறது என்பதுதான் என் கவலை.

இன்றைக்கு ஃபோன் ஒரே ஒரு முறை அடித்தது. ராங் நம்பர்.

மார்ச் 21, வெள்ளி

இதை எழுதியே ஆக வேண்டும். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது.

சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து கோயில் ஹாலில் எல்லோருக்கும் கஞ்சி. அங்கே மரியாயின் சேனை ஜெபக்குழுவின் பிரிஜெட் அக்கா எழுந்து நின்றாள். "நம்ம யூனிஸ் கடைக்கு ரிவ்யூ போதலயாம். அதான் மேப்புல கீழ கிடக்குது. கஞ்சி குடிச்சவங்க எல்லாம் ஆளுக்கு ஒண்ணு போட்டுட்டுதான் வீட்டுக்குப் போகணும்!" இவர் சொல்லிக்கொடுத்ததுதான், வேறென்ன. ஃபாதர்கூட சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

அப்புறம் என்ன, ஹாலின் வைஃபை பாஸ்வேர்டைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். ஒரு கையில் கஞ்சிக் கிண்ணம், ஒரு கையில் ஃபோன். தட்டத் தெரியாத அக்காமார்கள் எல்லாம் கிளாரன்ஸ் முன்னால் வரிசை. அவர்களுக்குத் தன் ஃபோனிலேயே கணக்கு திறந்து, அவர்கள் சொல்லச் சொல்ல இவரே எழுதிக்கொடுத்தார். பாவசங்கீர்த்தனத்துக்குக்கூட அவ்வளவு நீள வரிசை நின்று நான் பார்த்ததில்லை.

இவர் காதுமடல் சிவந்து போயிருந்தது. சந்தோஷம் வந்தால் இவருக்கு அப்படித்தான்.

மார்ச் 22, சனி

நாற்பத்தொரு ரிவ்யூ. நாற்பத்தொன்றும் ஐந்து நட்சத்திரம். காலை காப்பியோடு ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார்.

'யூனிஸ் நல்ல பெண். எங்கள் அம்மா இறந்தபோது மூன்று நாள் இடியாப்பம் கொண்டுவந்தாள்.'

'கிளாரன்ஸ் அண்ணன் பாடகர் குழுவில் பெரிய குரல். வீட்டில் சத்தமே போட மாட்டார்.'

'இந்தக் குடும்பத்தை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக.'

கவுன் என்ற வார்த்தை ஒன்றில்கூட இல்லை! இடியாப்பம் வந்த ரிவ்யூக்களை மட்டும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன். இத்தனை பேருக்கு என் இடியாப்பம் ஞாபகம் இருக்கிறது.

மார்ச் 25, செவ்வாய்

கடையைக் காணோம்.

மேப்பில்தான். பெயர் போட்டுத் தேடினாலும் வரவில்லை. சந்தேகத்துக்குரிய ரிவ்யூக்கள் என்று சொல்லி மொத்தமாக முடக்கிவிட்டார்கள். நாற்பத்தொன்றோடு பழைய பதினொன்றும் போச்சு. படங்கள், ஃபோன் நம்பர், நேரம், ஒன்றும் இல்லை. கிளாரன்ஸ் தெருமுனை வரை போய்த் தேடிப் பார்த்தார். கடை வாசலில் நின்று தேடினார். கடைக்கு உள்ளே நின்று, என் மெஷின் பக்கத்தில் நின்று தேடினார். 'இங்கே அப்படி ஒரு கடை இல்லை' என்கிறது ஃபோன்.

மார்ச் 27, வியாழன்

நேற்று நான் பேசியது தப்பு.

தவக்காலம் பாதி போய்விட்டது, ஃபோன் அடிக்கவில்லை, அளவு கொடுத்த நெட்டைப் பெண் வேறு கடைக்குப் போகிறேன் என்று மெசேஜ் அனுப்புகிறாள். இவர் மறுபடியும் நோட்டை எடுத்துக்கொண்டு, "ஒரு ஐடியா யூனிஸ்" என்று ஆரம்பித்தார். எனக்கு எங்கிருந்து வந்ததோ ஆத்திரம். "ஐடியாவும் வேணாம் ஒண்ணும் வேணாம். நீங்க சும்மா இருந்தீங்கன்னாலே போதும், கடை நல்லா இருக்கும்!"

நோட்டை மூடி மேசை டிராயரில் வைத்தார். டிராயரை மெதுவாகத் தள்ளினார். சண்டைக்கு வந்திருந்தால்கூடத் தேவலை.

இன்று காலையில் சொல்கிறார், ஊருக்கு வெளியே சந்தாபுராவில் ஒரு குடோனில் ஸ்டோர்ஸ் பார்க்க ஆள் கேட்டிருந்தார்கள், சரி என்று சொல்லிவிட்டேன் என்று. ஆறு மணி பஸ். திரும்பி வர ராத்திரி எட்டரை. வாரம் ஆறு நாள். ஐம்பத்தெட்டு வயசில்.

"எதுக்கு இப்ப?" என்றேன்.

"ரெண்டு பேர்ல ஒருத்தர் சம்பாதிக்கணும் இல்லையா. நீ சொன்னது சரிதான். கடையில எனக்கு என்ன வேலை?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'போகாதீங்க' என்று ஒரு வார்த்தை. சொன்னேனா? "குடை எடுத்துக்கோங்க" என்றேன்.

மார்ச் 31, திங்கள்

போய்விட்டார். கடையில் நான் மட்டும்.

ஏப்ரல் 3, வியாழன்

இரண்டு வருஷமாகக் காலில் இடறுகிறார், வேலை செய்யவிடுவதில்லை என்று யாரிடமெல்லாம் புலம்பியிருப்பேன்! இப்போது கட்டிங் மேசை முழுக்க எனக்கே. மை படும் என்ற பயம் இல்லை. மெஷின் நின்றால் அப்படி ஒரு நிசப்தம். ஊசியில் நூல் கோக்க நான்கு தரம் முயற்சி செய்கிறேன். அதையும் இவர்தான் செய்துகொண்டிருந்தார் என்பது இப்போதுதான் தெரிகிறது. கேட்காமலே பத்து ஊசி கோத்துக் குஷனில் குத்திவைத்திருப்பார்.

ராத்திரி வந்தால் சாப்பாடு, ஜெபம், தூக்கம். "எப்படி இருக்கு வேலை?" "பரவால்ல." அவ்வளவுதான் பேச்சு. எனக்கு இவர் கடையில் வேண்டும். இங்கே எழுதத் தெரிகிறது, முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

பதினொரு மணிக்கு ஒரு பெண் வந்தாள். ஜீன்ஸ், கழுத்தில் ஆபீஸ் அட்டை. "ஆன்ட்டி, நீங்கதான் யூனிஸ் ஆன்ட்டியா? மேப்புல காணோமே! ரோடெல்லாம் விசாரிச்சு விசாரிச்சு வந்தேன். ஸ்வல்ப தண்ணி கொடுங்க."

பெயர் ரக்ஷிதா. கன்னடக்காரப் பெண். நம் பக்கத்துப் பையன் க்ளென்னைக் கட்டிக்கொள்ளப்போகிறாள், மே மாதம். இவள் வேலையே வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் கடைகளைத் தேடலில் மேலே கொண்டுவருவது! நடந்ததையெல்லாம் சொன்னேன். தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"அய்யோ ஆன்ட்டி, ஒரே ஹால், ஒரே வைஃபை, ஒரு மணி நேரத்துல நாப்பது! அதுல பாதி ஒரே ஃபோன்லருந்து! காசு கொடுத்து பொய் ரிவ்யூ வாங்கறவங்க இப்படித்தான் செய்வாங்க. மெஷினுக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்?"

"நீ எப்படிம்மா எங்க கடைய கண்டுபிடிச்ச?"

க்ளென் வீடு இந்தப் பக்கம் என்பதால் பிப்ரவரியில் ஆஸ்டின் டவுன் என்று போட்டுத் தேடினாளாம். நான்கைந்து கடை வந்திருக்கிறது. எங்கள் கடையில் ஒரு ரிவ்யூவும் அதற்கு வந்த பதிலும் பார்த்து, அதை ஃபோனில் படம் பிடித்து க்ளென்னுக்கு அனுப்பியிருக்கிறாள். அந்தப் படம் இன்னும் இருந்தது. காட்டினாள்.

யாரோ ஒரு பெண்ணின் அம்மா மூன்று நட்சத்திரம் கொடுத்திருக்கிறாள். தையல் நன்று, இரண்டு நாள் தாமதம், தைக்கும் அம்மாவுக்கு முன்கோபம் அதிகம் என்று. கீழே இவர் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் பதிலை ரக்ஷிதா வாசித்தாள். தமிழில் இங்கே எழுதிவைக்கிறேன்.

'அம்மா, இரண்டு நாள் தாமதம் உண்மை, மன்னிக்கவும். முதுகுப் பக்கம் சரியாக உட்காரவில்லை என்று என் மனைவி இரண்டு தரம் பிரித்துத் தைத்தார். போதும் விடு என்று சொன்ன என் மேலும் கோபப்பட்டார். உங்கள் மகள் கோயிலில் நடந்துவந்தபோது நாங்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தோம். முதுகில் ஒரு சுருக்கம்கூட இல்லை. இப்படிக்கு, உரிமையாளரின் கணவர்.'

நான் தைத்த கவுன் நடந்துபோவதைப் பார்க்க ஒவ்வொரு கல்யாணத்துக்கும் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருவேன். இவரும் கூட வருவார். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தூங்குகிறார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இத படிச்சதும் முடிவு பண்ணேன் ஆன்ட்டி. எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் 'உங்கள் கருத்துக்கு நன்றி'ன்னு ஒரே பதில்தான். இந்த மாதிரி எழுத எங்களுக்கு வராது."

அளவெடுக்கும்போது எனக்கு டேப்பின் எண் தெரியவில்லை. கண்ணாடியைத் துடைப்பது போல் பாசாங்கு செய்தேன். அவள் பார்த்துவிட்டாள். வாசல் பக்கம் திரும்பி நின்றாள், நல்ல பெண்.

போகும்முன் வழி சொன்னாள். நடந்ததை ஒளிக்காமல் எழுதி அப்பீல் செய்ய வேண்டும். கூட ஒரு வீடியோ. தெரு, போர்டு, சாவி போட்டு ஷட்டர் திறப்பது, உள்ளே மெஷின் – எல்லாம் ஒரே ஓட்டத்தில். "நடுவுல எங்கயும் வெட்டக் கூடாது ஆன்ட்டி. வெட்டினா ஏத்துக்க மாட்டாங்க."

ஏப்ரல் 9, புதன்

ராத்திரி சாப்பாடு போடும்போது ரக்ஷிதா வந்ததைச் சொன்னேன். அவர் எழுதிய பதிலால்தான் வந்தாள் என்றும் சொன்னேன்.

"அப்படியா," என்றார். ரசத்தைக் குடித்தார்.

"நான் அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"விடு, பழைய கதை."

"வீடியோ எடுக்கணும். எனக்குக் கை நடுங்கும். ஒரு நாள் லீவு கேளுங்க."

"புதுசா சேந்துட்டு லீவு எப்படி? பாக்கலாம்."

லீவு கேளுங்கள் என்றேனே தவிர, வேலையை விடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. கேட்டு, முடியாது என்று சொல்லிவிட்டால்?

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பஸ்ஸில் நின்றே போய்வந்து இவர் கணுக்கால் வீங்கியிருக்கிறது. எண்ணெய் தேய்த்துவிட்டேன். கூசுகிறது என்று சிரித்தார். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தார்.

ஏப்ரல் 15, செவ்வாய்

காலையில் கண் விழித்தால் மணி ஏழு. இவர் பஸ்ஸுக்குப் போகாமல் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கிறார். "லீவு. வா, வீடியோ எடுத்துடலாம்."

என்னைத் தெருமுனையில் நிற்கவைத்தார். போர்டை மறைத்துக்கொண்டு ஆட்டோ எதுவும் வந்து நிற்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. ஒரு ஆட்டோக்காரரிடம் தமிழில், ஒருவரிடம் கன்னடத்தில், ஸ்கூட்டர் பையனிடம் தக்கினி உருதுவில் என்று மூன்று பாஷையிலும் சண்டை போட்டேன். தூரத்தில் இவர் ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து போகிறார். எதிர்வரிசைப் பூக்கடை சரளாவிடம் ஏதோ நின்று பேசுகிறார். வீடியோ எடுக்கும்போது என்ன அரட்டை என்று எனக்குப் பொங்கியது.

கடைக்குள் வந்ததும் ஃபோனை என்னிடம் கொடுத்தார். "அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தரம் பாத்துடு." சொல்லிவிட்டு மெஷினுக்கு எண்ணெய் விடப் போய்விட்டார்.

பார்த்தேன். தெரு தெரிகிறது. மாதா சிலை இருக்கும் கெபி தெரிகிறது. எங்கள் போர்டு. அப்புறம் சரளாவின் குரல்.

"என்னண்ணா, இன்னிக்கு சந்தாபுரா போகலியா?"

"இல்லம்மா. நேத்தே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

"அய்யோ, ஏண்ணா? அக்கா திட்டுவாங்களே!"

"திட்டட்டும். பக்கத்துல இருந்து வாங்கிக்கறேன்."

அப்புறம் சாவிக்கொத்துச் சத்தம், ஷட்டர் சத்தம். என் மெஷின், குஷன், பாதி தைத்த ரக்ஷிதாவின் கவுன்.

மறுபடி முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன். மூன்றாம் தரமும்.

மெஷினுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தலையைத் தூக்காமல் கேட்கிறார். "அந்தப் பூக்கடை பேச்சு நடுவுல வந்துடுச்சு. அத மட்டும் வெட்டிடலாமா?"

காதுமடல் இரண்டும் சிவந்திருந்தது.

"கூடாது," என்றேன். "வெட்டினா ஏத்துக்க மாட்டாங்க."

அப்படியே அனுப்பினேன்.