மின்னலின் ஐந்தாவது சுழி

பிப். 17, செவ்வாய்

பனி. ஏழு மணிக்கும் வண்டி சீட் ஈரம். இரண்டாம் ஷிப்ட் என்பதால் காலையிலேயே புதுப்பட்டினத்திலிருந்து மகாபலிபுரம், கஸ்தூரி அக்கா வீடு. டயரில் காற்று குறைவு. பார்க்கணும்.

விஷயம் மின்னல். எத்திராஜ் மாமா, அதாவது அக்கா புருஷன், கடற்கரையில் சவாரி விடும் இரண்டு குதிரையில் பெரியது. பழுப்புப் பெட்டை. முன்னங்கால் முட்டி வீங்கி இரண்டு மாதம். மணலில் இனி நடக்க விடாதே என்று கால்நடை டாக்டர் சொல்லியாகிவிட்டது.

கேளம்பாக்கம் தாண்டி ஒரு காப்பகம். ரேஸில் ஓடி ஓய்ந்த குதிரைகளுக்கு மட்டும். ஒரே ஒரு இடம் காலி. ஞாயிறு வண்டி அனுப்புவார்களாம். நிபந்தனை: இது ரேஸ் குதிரைதான் என்று பேப்பர் வேண்டும். ஆளுக்கு ஒரு கதை சொல்லிக் குதிரை கொண்டு வருகிறார்களாம், அதனால். பேப்பர் இல்லை என்றால் திங்கள் தரகர் வருவார். அவர் எங்கே கொண்டுபோவார் என்று கேட்டேன். மாமா கடலைப் பார்த்தார். அக்கா எழுந்து பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள்.

"ரேஸ் குதிரதான் மச்சான். அரேபியா ராஜா வூட்டு ரத்தம்."

"யார் சொன்னது?"

"வித்த பாய் சொன்னாரு."

"அவருக்கு யார் சொன்னது?"

"இன்னா மச்சான், கோர்ட்டா இது? மூஞ்சப் பாரு, தெரில?"

மூஞ்சி சான்று ஆகாது. ஆலையில் என் வேலையே இதுதான், தரச் சோதனை. ஒரு போல்ட் உள்ளே வந்தால் எந்த ஆலை, எந்த வார்ப்பு என்பது வரை காகிதம் கேட்பேன். நகலின் நகல் செல்லாது.

குதிரை வரலாற்றைத் தேடுவது எப்படி என்று ஷிப்ட் பஸ்ஸில் போனில் படித்தேன். சுருக்கம்:
முதல்நிலை – குதிரையின் உடம்பு (பல், சூட்டுக்குறி, தோலுக்கடியில் சிப்). பிறந்தபோது எழுதின ஏடு. ரேஸ் பதிவு.
இரண்டாம் நிலை – அதையெல்லாம் வைத்து பிறகு எழுதின புத்தகம்.
அதற்கும் கீழே – மாமா.

பிப். 18, புதன்

லீவு. காற்று பலம், கண்ணில் மணல்.

கால்நடை டாக்டர் சிப் கருவியோடு வந்தார். கழுத்தில் நாலு தடவை ஓட்டினார். சத்தமே இல்லை. சிப் கிடையாது. சூட்டுக்குறி இருந்த இடத்தில் ஒரு தழும்பு, படிக்க முடியவில்லை. பல்லைப் பார்த்துவிட்டு, "பதினஞ்சுக்கு மேல. அதுக்கப்புறம் பல்லு பொய் சொல்லும்" என்றார். நல்ல மனிதர், தெரியாததைத் தெரியாது என்கிறார்.

மாமா அதற்குள் சுழி புராணம். எந்தச் சுழி எங்கே இருந்தால் யோகம், எது இருந்தால் தரித்திரம். ஆறு வருஷமாகக் கேட்கிறேன். முடி சுற்றி வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றேன். முறைத்தார்.

மத்தியானம் செங்கை நூலகம். குதிரை பற்றி மூன்று புத்தகம். இந்தக் கரையில் அந்தக் காலத்தில் கப்பலில் குதிரை வந்து இறங்கியது என்று ஒன்றில். அடிக்குறிப்பு இன்னொரு புத்தகத்தைக் காட்டுகிறது. அது மூன்றாவதை. மூன்றாவது திரும்ப முதலாவதை! மூடி வைத்துவிட்டேன்.

ஆனால் ஒரு படம். குதிரையின் கால் எலும்பு. நாம் குளம்பு என்பது ஒரே ஒரு விரலின் நகம். நடுவிரல். மற்ற விரல்கள் காலப்போக்கில் இல்லாமலே போய்விட்டன. நானூறு கிலோவுக்கு மேல், ஒவ்வொரு காலிலும் ஒரே விரல் நுனியில் நின்று ஓடுகிறது. இதை யாராவது டிசைன் என்று வரைந்து கொண்டுவந்தால் கையெழுத்துப் போட மாட்டேன். அரை மணி நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நூலகர் விசிறியை நிறுத்தின பிறகுதான் எழுந்தேன்.

பிப். 19, வியாழன்

மறுபடி செங்கை. மாமாவுக்குக் குதிரை விற்ற பாஷா பாய். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர்.

"வா தம்பி. நாஸ்தா ஆச்சா?"

ஆச்சு என்றேன். பொய். இட்லி வந்தது, தின்றேன்.

ரேஸ் முடிந்த குதிரையாக இரண்டு பெட்டை, ஒரே நாளில் வாங்கினாராம். ஒன்று மாமாவுக்கு. இன்னொன்று வயிற்றுவலியில் செத்துவிட்டது. தகரப் பெட்டியைக் கவிழ்த்து, ஜரிகை, பழைய சேணவார் எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து இரண்டு சின்னப் புத்தகம் எடுத்தார். குதிரை பாஸ்போர்ட்!

"இதுல மின்னல் எது பாய்?"

"அது யாருக்குத் தெரியும்? ரெண்டும் ஒரே கலரு, ஒரே வயசு. மாப்பிள்ளைய மண்டபத்துல எறக்கிட்ச்சா, நம்ம வேல முட்ஞ்சிது."

போட்டோ கிடையாது. ஆனால் ஒரு பக்கம் முழுக்க வரைபடம். குதிரையின் இடப்புறம், வலப்புறம், முகம், கழுத்து, வெறும் கோட்டு உருவம். அதன் மேல் கையால் அங்கங்கே பெருக்கல் குறி. என்ன என்று புரியாமல் பாயிடம் நீட்டினேன்.

"சுழி தம்பி. வேற இன்னா? ஒண்ணுக்கு இருக்கறாப்ல இன்னொண்ணுக்கு இருக்காது."

குட்டியாக இருக்கும்போதே டாக்டர் பார்த்து, குறித்து, கையெழுத்துப் போட்டிருக்கிறார். சிப் வருவதற்கு முன்பு உலகம் பூரா இப்படித்தானாம். நமக்குக் கைரேகை மாதிரி. இரண்டு ஏட்டையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சரி பார்த்தேன், நிஜம்.

ஆறு வருஷம் மாமாவைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

ஏடு 1, 'செகண்ட் மான்சூன்': நெற்றியில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு, தொண்டையில் ஒன்று, கழுத்து வலப்புறம் ஒன்று, இடது கன்னத்தில் கண்ணுக்குக் கீழே ஒன்று.
ஏடு 2: நெற்றியில் ஒன்றே ஒன்று.

பிப். 20, வெள்ளி

காலை ஆறரைக்குக் கடற்கரை. ஏட்டை மாமாவிடம் காட்டவில்லை. காட்டினால் அதற்குத் தகுந்த மாதிரி சொல்வார். குதிரைக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொன்னேன். பார்க்காமல் சுழிகளைச் சொல்லு என்றேன்.

ஒரு நொடி யோசிக்கவில்லை. காற்றில் விரலை வைத்து: "நெத்தில ரெண்டு, மேல ஒண்ணு கீழ ஒண்ணு. தொண்டைல தேவமணி, ராஜ யோகம். கழுத்துல சோத்துக்கைப் பக்கம் ஒண்ணு."

நாலு. நாலும் சரி.

"அப்புறம்?"

"அவ்ளோதான்."

"கன்னத்துல?"

"அங்க ஒண்ணும் இல்ல." கொஞ்சம் வேகமாகச் சொன்னார்.

நன்றாக யோசி என்றேன். இல்ல என்றால் இல்ல என்றார். போய் மின்னலின் முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே எப்போதும் தொங்கும் சிவப்புக் கம்பளிக் குஞ்சம், கடிவாள வாரோடு தைத்தது. விலக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். "மெரளும், தொடாத."

ஐந்தில் ஒன்று பொருந்தவில்லை என்றால் பொருந்தவில்லை. ஒரு அளவு தப்பினாலும் பொருளைத் திருப்பி அனுப்புகிறவன் நான். அப்படியென்றால் செத்துப்போனது இரண்டில் எது, இது எங்கிருந்து வந்தது, எதற்கும் ஆதாரம் இல்லை. சொன்னேன். திங்கள் தரகருக்குப் போன் பண்ணிடு என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

"நீ இரும்பப் போய் பாரு போ" என்றார்.

ஷிப்டில் இரண்டு படிவம் தப்பாக எழுதினேன்.

பிப். 21, சனி

ஒன்பதுக்கு மாமா போன். "மச்சான், கஸ்தூரி மார்க்கெட் போய்கீறா. இப்பவே வா." வைத்துவிட்டார்.

போனேன். கொட்டகைக்குள் கூப்பிட்டு, வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, பிளேடால் குஞ்சத்தின் தையலை அறுத்தார்.

இருந்தது. இடது கன்னம், கண்ணுக்கு இரண்டு விரற்கடை கீழே. குஞ்சம் அழுத்தி அழுத்தி முடி படிந்துபோய், ஆனால் சுற்றிச் சுற்றி, தொட்டியில் தண்ணீர் இறங்குகிற மாதிரி. ஏட்டைப் பக்கத்தில் பிடித்தேன். பெருக்கல் குறி அதே இடத்தில். யாரோ ஒரு டாக்டர், எங்கோ ஒரு பண்ணையில், தாய்க்குப் பக்கத்தில் நின்ற குட்டியைப் பார்த்துப் போட்ட குறி. அந்தக் குட்டி இதோ என் கையில் மூச்சு விடுகிறது. சுடுகிறது மூச்சு.

"கண்ணீர்ச் சுழி" என்றார் மாமா. "இது இருந்தா வாங்கினவன் வூட்ல அழுகதான்னுவாங்க. கல்யாணக்காரன் பாத்தா குதிரயே வேணாம்னுடுவான். அதான் பாய் குஞ்சம் கட்டி மறைச்சாரு. எனக்கு வாங்கும்போதே தெரியும்."

"தெரிஞ்சுமா வாங்கின?"

"புடிச்சிப்போச்சு." மறுபடி வெளியே எட்டிப் பார்த்து, "உங்க அக்காக்குத் தெரிஞ்சா அவ்ளோதான். நான் வண்டில வுழுந்து கால ஒட்ச்சிக்கினதுக்கும் இவதான் காரணம்னுவா. மூச்சு வுட்றாத."

நேற்று சொன்னதுக்கு மன்னிப்பு கேட்டேன். காதில் வாங்கவில்லை.

"அப்போ சுழி பொய்யில்லதான மச்சான்?"

"சுழி நிஜம். அதுக்குச் சொல்ற பலனுக்குத்தான் ஆதாரமில்ல."

"ஆமா. வூட்ல ஒண்ணியும் கொறையில்ல" என்று சொல்லி, அந்தச் சுழியைக் கட்டைவிரலால் நீவிவிட்டார்.

சாயங்காலம் வீட்டில், செகண்ட் மான்சூனின் வம்சத்தை இணையத்தில் தட்டினேன். சும்மா, பத்து நிமிஷம் என்று. அம்மா, அவள் அம்மா, அவள் அம்மா. ஒவ்வொருத்திக்கும் பெயர், பிறந்த வருஷம், நிறம். கப்பலில் வந்தவள் ஒருத்தி. பின்னால் போகப் போக ஊர் மாறுகிறது, தேசம் மாறுகிறது, பதிவு மட்டும் அறுந்துபோகவில்லை. கிட்டத்தட்ட முந்நூறு வருஷம். கடைசியில் ஒருத்திக்குப் பெயர் இல்லை. இன்னாருடைய பெட்டை என்று மட்டும். டீ ஆடை கட்டிவிட்டது.

பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மணலில் போய்த் திரும்பின குதிரை இது!

அம்மா பூ கட்டிக்கொண்டிருந்தாள். உன் ஆயாவோட அம்மா பேர் என்ன என்றேன்.

"யாருக்குடா தெரியும்? அடுத்தவன் கழனில நாத்து நட்டவங்க. பேர எவன் எழுதி வெச்சான்? நெலம் இருந்தாதான பட்டா." பிறகு, "ஏன், ஆபீஸ்ல கேக்கறாங்களா?"

இல்லை என்றேன். மூன்று அம்மாக்களோடு என் ஏடு முடிந்தது. கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. எழுதாமல் விட்டவர்களும் அதே அளவு தூரம் ஓடித்தானே நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். முந்நூறு வருஷமும் ஒருத்தியும் விட்டுப்போயிருக்க முடியாது.

பிப். 22, ஞாயிறு

வெயில். கடல் அமைதி. எடுத்துப் போனவை: ஏடு, நகல் இரண்டு, பேனா, வெல்லம்.

பத்தரைக்குக் காப்பகத்து வண்டி. டாக்டரம்மா இறங்கினதும் ஏட்டைக் கேட்டார். வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு மின்னலைச் சுற்றி ஒரு சுற்று. நெற்றி, தொண்டை, கழுத்து. கன்னத்துக்கு வரும்போது மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா சாதாரணமாக நின்றாள்.

"அஞ்சும் சரியா இருக்கு. செகண்ட் மான்சூன்தான். எடுத்துக்கறோம்."

மாமா என் தோளைப் பிடித்தார், வலிக்கிற மாதிரி. பிறகு மெதுவாக அக்காவிடம், "அந்தக் கன்னத்துச் சுழி வந்து..."

"எனக்கு எப்பவோ தெரியும்யா. ஆறு வருசமா அத குளிப்பாட்றது யாரு, நீயா?"

"சொல்லவே இல்ல?"

"சொன்னா நீ பயந்துக்கினு வித்துடுவ."

டாக்டரம்மா திரும்பி நின்று சிரித்தார். மாமா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஏட்டின் பின்பக்கத்தில் யார் யாரிடம் இருந்தது என்று ஒரு பட்டியல். ரேஸ் முதலாளி பெயரோடு நிற்கிறது. அதற்குப் பிறகு கட்டங்கள் காலி. "எங்க இருந்தா, யார்கிட்ட இருந்தா, என்ன வேலை செஞ்சான்னு எழுதணும். மருந்து கொடுக்கறதுக்கு அது வேணும்" என்றார் டாக்டரம்மா. பாய் பெயரை ஆங்கிலத்தில் நான் எழுதினேன். அடுத்த கட்டம் மாமா. எழுதப் போனேன்.

"குடு மச்சான். என் பேர நான் எழுதறேன்."

"இங்கிலீஷ்ல..."

"தமிழ்லயே இருக்கட்டும்" என்றார் டாக்டரம்மா.

மணலில் உட்கார்ந்து, முட்டியில் ஏட்டை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக: எத்திராஜ். கஸ்தூரி. மகாபலிபுரம் கடற்கரை. ஆறு வருசம். வேலை என்ற இடத்தில் வெகுநேரம் யோசித்து, 'புள்ளைங்கள ஏத்திக்கினு போச்சு'.

மின்னல் வண்டியின் சாய்பலகையில் தானாக ஏறியது. முன்னங்காலை நொண்டிக்கொண்டு, ஒவ்வொரு விரலாக ஊன்றி.

மை காயவில்லை, மூடாதீர்கள் என்றேன். டாக்டரம்மா ஏட்டை விரித்தபடியே மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார்.