தொடக்கூடாது என்று நீ சொன்னது

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதுகிறேன். நாங்கள் நலம் என்றுதான் தொடங்க வேண்டும், உடம்பைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட, மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். நீ கூப்பிட்டாலே அப்பா நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஸ்பீக்கரைப் போடச் சொல்கிறார், அப்புறம் நான் எதைப் பேசுவது. இப்போது அவர் வெளியே போயிருக்கிறார், வருவதற்குள் முடிக்க வேண்டும். சமையலறைக் குழாய் வேறு ஒழுகுகிறது, நடுநடுவே எழுந்து போய் இறுக்கிவிட்டு வருகிறேன், நிற்பேனா என்கிறது.

வண்டி லேசாக இடித்துவிட்டது, பெரிதாக ஒன்றும் இல்லை என்று உன்னிடம் சொன்னோமே, அது பாதிதான். மருந்துக்கடை முனையில் அப்பா திருப்பும்போது எதிரே பைக்கில் வந்தவரைக் கவனிக்கவில்லை. வேகம் இல்லை, ஆனால் பைக் அவர் கால்மேலேயே விழுந்து முழங்கால் உடைந்துவிட்டது. அவர் டைல்ஸ் போடுகிறவர். முட்டி போட்டால்தான் அவருக்கு வேலை, நின்றுகொண்டு தரை போட முடியுமா சொல். ஒரு ஆபரேஷன் ஆகிவிட்டது, இன்னொன்று பாக்கி இருக்கிறது, இன்சூரன்ஸ் பணம் வந்தால்தான் அது நடக்கும். தப்பு யாருடையது என்பதில் சண்டையே இல்லை, என் தப்புதான் என்று அப்பா அன்றைக்கே ரோட்டில் நின்று சொல்லிவிட்டார். அப்பா கண்ணிலும் குறை இல்லை, கண் ஆபரேஷன் ஆறிவிட்டது, பகலில் ஓட்டலாம் என்று டாக்டர் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். அதனால் கம்பெனிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நிம்மதியாக இருந்தோம்.

அப்புறம் கம்பெனியிலிருந்து விசாரிக்க ஒருவர் வந்தார். தன்மையான மனிதர், டீ வாங்கிக் குடித்தார், கண் ஆபரேஷன் எப்படி இருந்தது சார் என்று சொந்தக்காரர் மாதிரி கேட்டார். உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, யாராவது அக்கறையாக ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும். எங்க பொண்ணு அங்கேருந்துகிட்டே என்னை எப்படி மிரட்டுறா கேளுங்க என்று போனை எடுத்து, ஆபரேஷன் ஆன சமயத்தில் நீ அனுப்பிய குரல் செய்தியைப் போட்டுக் காட்டினார். அப்பா, நான் வர்ற வரைக்கும் வண்டியைத் தொடக்கூடாது, தொட்டீங்கன்னா உங்ககூட பேசவே மாட்டேன், சொல்லிட்டேன் என்கிறாயே, அதுதான். அந்த மனிதர் சிரித்தார், கொடுத்து வெச்சவர் சார் நீங்க, இதை எனக்கும் அனுப்புங்களேன் என்றார். அப்பா பெருமை தாங்காமல் அனுப்பினார். நான் பிஸ்கட் தட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் போல ஆகிக் கடிதம் வந்தது. வண்டி உன் பேரில் இருக்கிறது, உரிமையாளர் தெளிவாகத் தடுத்திருக்கிறார், அனுமதியின்றி எடுத்த வண்டிக்குக் கம்பெனி பொறுப்பாகாது, அடிபட்டவருக்கு நீங்களே கொடுத்துக்கொள்ளுங்கள் என்று இருந்தது. அப்பாவுக்கு அந்த அனுமதி என்கிற வார்த்தைதான் தாங்கவில்லை. சர்வீஸ் முழுக்க பஸ் ஓட்டினவன்டி நான், சினிமாவுக்குப் போகட்டுமாப்பான்னு கேட்டுக்கிட்டு நின்ன பொண்ணுகிட்ட நான் அனுமதி வாங்கணுமா என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, அவ சொன்னதுல தப்பில்ல, கேக்காதது நான்தானே என்றார். ஒரு நாளைக்கு இப்படி நாலு தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேசுகிறார், எனக்குத்தான் தலை சுற்றுகிறது.

அவரை வீட்டில் விட்டுவிட்டு நானே கம்பெனி ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும், கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, தொடக்கூடாதுன்னா வேற என்னம்மா அர்த்தம் என்று கேட்டது. நான்கூடத்தான் தினமும் ரிமோட்டைத் தொடக்கூடாதுன்னு சொல்றேன், அது அவர் கையிலதான் இருக்கு, எங்க வீட்ல அதுக்கு அவ்வளவுதாம்மா அர்த்தம் என்றேன். அடுத்த மேஜைக்காரர்கூட சிரித்தார். ஆனால் அந்தப் பெண், இதை நான் ஃபைல்ல எப்படிம்மா எழுதுவேன் என்றது, அதுவும் நியாயம்தான். அந்தச் செய்திக்கு அப்புறம் எப்போதாவது நீ சம்மதித்தாயா என்று உன்னிடமே எழுதிக் கேட்கப் போகிறார்களாம். நான் சாட்சி சொல்லட்டுமா என்றேன், நீங்க அவர் சம்சாரம்மா என்று முடித்துவிட்டது.

நீ சம்மதித்தாய். இடித்ததற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, நான் துணி மடித்துக்கொண்டே உன்னோடு பேசினேன், அப்பா குளித்துக்கொண்டிருந்தார். டாக்டர் சரின்னுட்டாராம், இனிமே மருந்துக்கடைக்கு வண்டியிலதான் போவேன்னு குதிக்கிறார் என்றேன். நீ பெருமூச்சு விட்டு, சொன்னா கேக்கவா போறார், சரி, கறுப்புக் கண்ணாடியாவது போட்டுக்கிட்டுப் போகச் சொல்லு என்றாய். நானும் சொன்னேன், போட்டுக்கொண்டுதான் போனார். இதை உனக்கு நினைவுபடுத்தக் கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாம எடுத்துக் கொடுத்து அவ சொன்னா அது அவ பேச்சா, நம்ம பேச்சா, நாளைக்கு நம்மால அவ பொய் சொன்னான்னு ஆயிடக்கூடாது என்கிறார். நானும் இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். நேற்று அவரோடு டைல்ஸ்காரர் வீட்டுக்குப் போன பிறகு முடியவில்லை. டைல்ஸ்காரர் கோபப்படுகிறவர் இல்லை, வாங்க சார் என்று எழுந்திருக்கப் பார்க்கிறார். அவர் சம்சாரம்தான் வாங்க என்று சொல்வதற்கு முன்பே கம்பெனியில என்ன சொன்னாங்க என்று கேட்கிறது, கேட்காமல் என்ன செய்யும். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே என் காலடியைக் காட்டி, இந்தத் தரை நான் போட்டதுதாம்மா, மூலையில ஒண்ணு தூக்கிட்டு நிக்குது, பார்த்துக்கிட்டே இருக்கேன், குனிய முடியல என்றார். 

அதனால் எழுதிவிட்டேன். அம்மா எழுதினாள் என்பதற்காக மட்டும் நீ எதையும் சொல்லிவிடாதே. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு உனக்கே நினைவுக்கு வந்தால், அந்தப் பெருமூச்சையும் சேர்த்து அப்படியே எழுது, வரவில்லையென்றால் வரவில்லை என்றே எழுது. தொடக்கூடாது என்று சொன்னதை மட்டும் மறைக்காதே, அதையும் நீ சொன்னாய்தானே. இந்தக் கடிதத்தைப் பற்றிக் கேட்டால் அம்மா எழுதினாள் என்றே சொல், அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். இதில் உன்மேல் ஒரு தப்பும் கிடையாது. நீ கண்டித்ததும் பாசம், விட்டுக்கொடுத்ததும் பாசம், அதற்குமேல் கம்பெனிக்கு என்ன புரியுமோ புரியட்டும்.

குளிரில் தலைக்குக் கட்டாமல் வெளியே போகாதே. நீ எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், நான் வேறு எதையும் கேட்டதில்லை. மறந்துவிடாதே, பதிலைக் கம்பெனிக்கு அனுப்பிய பிறகு எனக்கு போன் செய், அதற்கு முன்னால் செய்யாதே, உன் குரலைக் கேட்டால் நான் ஏதாவது சொல்லிக் கொடுத்துவிடுவேன். உனக்கு நினைவு வராவிட்டாலும் பரவாயில்லை, அந்த மனிதருடைய முழங்காலுக்கு நாங்கள் பதில் சொல்லிக்கொள்கிறோம். வெளிக்கதவுச் சத்தம் கேட்கிறது.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்
அம்மா