உருகுவேக்காரனின் கடைசி ஆட்டம்

கார்த்திகை, சனிக்கிழமை

ராசா, உங்களுடைய உருகுவேக்காரன் இன்றோடு உதைபந்தாட்டத்தை விட்டுவிட்டான். கடைசி ஆட்டத்தை ரிவியில் காட்டினார்கள். வெளியே பனி கொட்டியது, நீங்கள் இல்லாத முதல் பனி.

நான் வழமைபோல் குசினிக்குள் அடுப்படியில்தான் நின்றேன். அவன் விளையாடும்போது என்னை உள்ளே விடமாட்டீர்களே. "இஞ்சை வராதையும். அவன் மறிக்கிற பந்தும் உம்மைக் கண்டால் கோலுக்குள்ளை போயிடும்" என்று கலைப்பீர்கள். நானும் சிரித்துக்கொண்டு தேத்தண்ணியைக் கதவடியில் வைத்துவிட்டுப் போவேன். இத்தனை வருடத்தில் அவன் முகத்தையே நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை.

ஸ்டோவ்னரிலிருந்து மகள் வந்திருந்தாள்.

"அம்மா, அப்பாவின்ரை ஆளைக் கடைசியாய் ஒருக்காப் பாருங்கோ."

"வேண்டாம் பிள்ளை, கோல் விழுந்திடும்."

"உங்களுக்கும் விசரே?" என்று கையைப் பிடித்து இழுத்துவந்து உங்கள் கதிரையில் இருத்தினாள்.

அவனுக்குத் தலைமயிர் கொட்டிவிட்டது. ஒரு காலை இழுத்து இழுத்து ஓடினான். ஆனாலும் ஒருத்தரையும் தாண்டிப் போக விடவில்லை. பந்து கிட்ட வரும்போதெல்லாம் எழும்பிப் போய்விடுவோமா என்று யோசித்தேன். முடியும் வரைக்கும் மற்றப் பக்கத்தாரால் ஒரு கோலும் அடிக்க முடியவில்லை. எல்லோரும் அவனைக் கட்டிப்பிடித்தார்கள். மகள் கைதட்டினாள். எனக்கு அழுகைதான் வந்தது.

நான் இருந்தும் ஒன்றும் நடக்கவில்லை, ராசா. அப்படியென்றால் இவ்வளவு காலமும் உங்களுக்குப் பக்கத்தில் இருந்து நானும் பார்த்திருக்கலாம்தானே?