மழைத் திடலில் சறுக்குக் கட்டை

என்னங்க,

ஊருக்கு நீங்கள் குணா. எனக்கு என்றைக்கும் 'என்னங்க'தான். சமையலறையிலிருந்து கூப்பிட்டால் மூன்றாவது முறைதான் திரும்புவீர்கள். இதற்காவது உடனே காது கொடுங்கள்.

கிள்ளானில் மழை பிடித்துக்கொண்டது. நீங்கள் போன பிறகு வருகிற முதல் டிசம்பர். தீபாவளி ரவிக்கைகளையெல்லாம் தைத்துக் கொடுத்தாயிற்று. கடைக்கு ஆள் வருவதில்லை, நானும் சாயங்காலமே சாத்திவிட்டு வந்துவிடுகிறேன். வந்தால் சாப்பாட்டு மேசை முழுக்க எனக்கே கிடக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

முன்பெல்லாம் மழை தொடங்கினால் மேசையில் பாதி உங்கள் குட்டி விமானங்களுக்கு. "வெள்ளக்காரனுக்கு வின்டர், நமக்கு மழை. ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்து ப்ளேன் கட்டுறோம்" என்று பெரிய தத்துவம் மாதிரி சொல்வீர்கள். துறைமுகத்தில் அவ்வளவு பெரிய கிரேனை ஓட்டிவிட்டு வந்து, தீக்குச்சி கனத்துப் பால்சா என்ற லேசான மரத்துண்டுகளை மூச்சடக்கி ஒட்டுவீர்கள். அதைக் குத்தி நிறுத்த என் குண்டூசிகள்தான் வேண்டும். "ஒட்டுனதும் தந்துர்றேன் லா." எப்போது தந்தீர்கள்?

அப்புறம் அந்தச் சறுக்குக் கட்டைகள். பனியில் ரிமோட் விமானம் ஓட்டுகிறவர்களின் வீடியோவைப் பார்த்துப் பார்த்து, உங்கள் விமானத்துக்கும் டயர் வேண்டாம், சறுக்குக் கட்டைதான் வேண்டும் என்று முடிவு கட்டினீர்கள். கேமரன் மலையில் ஸ்வெட்டர் போட்டதைத் தவிர வேறு குளிர் பார்க்காத மனுஷன்! கட்டையின் மூக்கை வளைக்க என் இட்லிப் பானையின் ஆவியைப் பிடித்தீர்கள். மறுநாள் இட்லியில் மர வாசனை. நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

நீங்கள் விமானம் விடும் ஜெஞ்சாரோம் திடலில் அதைக் காட்டியபோது உங்கள் கூட்டாளி ரவி கேட்டான்: "அண்ணே, எங்க எறக்கப் போறீங்க? ஐஸ் சீவிப் போடுற கச்சாங் கடையிலயா?" எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீங்கள் கோபப்படவே இல்லை. "ஓடும்போது பாருங்கடா" என்று சொல்லிவிட்டு தேத்தண்ணீர் குடித்தீர்கள்.

ஓடுவதற்கு முன்னால், ஒரு காலை எழுந்திருக்காமலே போய்விட்டீர்கள். அப்படி என்ன அவசரம்?

மற்ற விமானங்களை உங்கள் கூட்டாளிகளுக்கே கொடுத்துவிட்டேன். இதை மட்டும் கொடுக்க மனம் வரவில்லை. எலும்பெல்லாம் கட்டி, மோட்டாரும் வைத்துவிட்டீர்கள். மேலே சூடு வைத்து ஒட்டும் பிளாஸ்டிக் தாள் மட்டும்தான் பாக்கி. பனியில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று நீங்கள் வாங்கிய ஆரஞ்சுத் தாள் அலமாரியில் சுருட்டியபடியே இருந்தது.

போன வாரம் நானே இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன். பட்டுக்கு வைக்கும் சூட்டில் வைத்து, மெதுவாக இழுத்து இழுத்து ஒட்டினேன். ரவிக்கைக்கு லைனிங் கொடுக்கிறவளுக்கு இது பெரிய வித்தையா? சுருக்கம் ஒன்று கூட இல்லை. நீங்கள் ஒட்டினால் இறக்கை முனையில் எப்போதும் சுருக்கம் விழும், மறுக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காரின் பின்சீட்டில் அதற்கு பெல்ட் போட்டுத் திடலுக்குக் கொண்டுபோனேன். விடியும் வரை பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. யாரும் பறக்கவிடவில்லை. உங்கள் கூட்டாளி லிம் அங்கிள் முயன்று பார்த்த விமானம் டயர் சேற்றில் புதைந்து, மூக்கைக் குத்தி நின்றது. மற்றவர்கள் கூரைக்கு அடியில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ரவி ஓடிவந்தான். இறக்கையைத் தொட்டுப் பார்த்தான், குனிந்து சறுக்குக் கட்டையைத் தட்டினான். பிறகு சொன்னான்: "அக்கா, இன்னிக்கு வேணாம் லா. தரை காஞ்சதும் நானே டயர் மாட்டித் தரேன். இந்தக் கட்டையோட விட்டா எறங்கும்போது குட்டிக்கரணம் அடிச்சிரும்."

"அவரு மாட்டுனத யாரும் கழட்டக் கூடாது."

"ஒடஞ்சிருச்சின்னா?"

உடைந்தால் உங்கள் கை கட்டியது என்று சொல்ல வீட்டில் இன்னொன்று இல்லை. சரி, திரும்பிப் போய்விடலாம் என்றுதான் காரை நோக்கி நடந்தேன். நாலு எட்டுக்குள் செருப்பு வழுக்கிப் புல்லில் தொபுக்கென்று உட்கார்ந்தேன். விமானத்தை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துவிட்டேன்.

உட்கார்ந்த இடத்திலேயே புத்தியில் உறைத்தது. என் செருப்பு இந்தப் புல்லில் இப்படி வழுக்கினால், உங்கள் கட்டை வழுக்காதா?

"ரவி, ரிமோட்ட எடு. இப்பவே விடணும்."

என் புடவையில் சேறு, என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது. உடனே எடுத்தான். இறக்கை மடல்கள் சரியான பக்கம் அசைகின்றனவா என்று நீங்கள் அடிக்கடி மறப்பதையெல்லாம் மறக்காமல் பார்த்தான். ஈரப் புல்லில் வைத்து மோட்டாரை முடுக்கினான்.

என்னங்க, அது ஓடியது! புதையவில்லை, திக்கவில்லை. நீர்த்துளிகளை இரு பக்கமும் சிதறடித்துக்கொண்டு சர்ரென்று போய், அப்படியே எழும்பியது. செம்பனை மரங்களுக்கு மேலே, கறுத்த மேகத்தில் ஆரஞ்சு பளிச்சென்று தெரிந்தது. கூரைக்கு அடியில் இருந்தவர்கள் ரொட்டியும் கையுமாக வெளியே வந்து நின்றார்கள்.

ரவி ரிமோட்டை என்னிடம் நீட்டி, "ஒரு தடவ திருப்புங்கக்கா" என்றான். என் விரல்மேல் அவன் விரல். மெல்ல சாய்த்தேன். நீங்கள் கட்டியது எனக்காக வளைந்து திரும்பியது. அழுதேன், யார் பார்த்தால் என்ன?

இறக்கும்போது கண்ணை மூடிக்கொண்டேன். லிம் அங்கிள் மலாயில் "பாகுஸ்! பாகுஸ்!", பிரமாதம் என்று கத்திய பிறகுதான் திறந்தேன். குட்டிக்கரணம் இல்லை. நீளமாகச் சறுக்கி வந்து, என் காலுக்குப் பக்கத்தில் நின்றது. "அண்ணன் இத மழைக்குத்தான் செஞ்சாரா?" என்று ரவி கேட்டான். நீங்கள் பனிக்குத்தான் செய்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். "ஆமா" என்றேன். நாம் இருவரும் சேர்ந்து சொன்ன பொய்யாக இருக்கட்டும்.

இப்போது அது மேசையில், உங்கள் பாதியில் இருக்கிறது. ரவி இனி வாராவாரம் எனக்கு ஓட்டக் கற்றுத்தருகிறானாம். அடுத்த மழைக்கு யார் விரலும் இல்லாமல் நானே ஏற்றி நானே இறக்குவேன். கட்டையைக் கழற்ற விடமாட்டேன். குண்டூசி டப்பாவையும் உங்கள் பக்கமே வைத்துவிட்டேன், இனி திருப்பித் தர வேண்டாம்.

உங்கள் பாதி மேசைக்காரி,
மனைவி சரசு