எண்ணெய் பிரேக்

அண்ணே,

இன்று காலை டண்டினொங் ஸ்டேஷன் வாசலில் ஒரு பெண் சைக்கிளை நிறுத்தினாள். ஈரக் குளிரில் டிஸ்க் பிரேக் அலறிய அலறலில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. நீங்கள் போய் ஐந்து மாதமாகிறது.

நாம் இருவரும் கிடங்கு வேலைக்குச் சைக்கிளில் போன அந்தக் குளிர்காலத்தில், பழைய ரப்பர் பிரேக் மழையில் வழுக்கி ஒரு வீட்டுத் தபால் பெட்டியைச் சாய்த்தீர்கள். நான் அக்கா என்று கூப்பிடும் உங்கள் மனைவி கறாராகச் சொல்லிவிட்டார்: "இன்னொருக்கா விழுந்தா சைக்கிள் குப்பைக்கு. பிறகு என்ர காரிலதான் வேலைக்குப் போகவேணும்." அந்தக் காரில் ஏறினால் வழி முழுக்க அறிவுரை. நீங்கள் ஆடிப்போனீர்கள்.

பிரேக்கை மாற்ற இருவரும் சைக்கிள் கடைக்குப் போனோம். கடைக்காரர் இரண்டு டிஸ்க் பிரேக்குகளைக் காட்டினார். ஒன்று கம்பியால் இழுப்பது, நாமே முறுக்கிச் சரிசெய்யலாம். மற்றது ஹைட்ராலிக். ஒரு விரல் போதும், விறைத்த கைக்கு அதுதான் சுகம்.

"ஹைட்ராலிக் எண்டா என்ன, ஐசே?" என்று என்னைக் கேட்டீர்கள்.

கோயம்புத்தூர் மேதாவியான நான், "எண்ணெய் பிரேக்குண்ணே" என்றேன். எண்ணெய் குழாய்க்குள்ளே இருக்கும் என்று இன்னும் நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அதையே மாட்டிக்கொண்டு வந்தீர்கள். முதல் வாரமே அது அலறத் தொடங்கியது. என்னிடம் கேட்காமல் நீங்கள் பிரேக் கவ்விப் பிடிக்கும் அந்த வட்டத் தகடு முழுக்கத் தேங்காய் எண்ணெய் பூசிவிட்டீர்கள். சத்தம் அடியோடு நின்றது. சைக்கிள்தான் நிற்கவில்லை. சரிவில் என்னைத் தாண்டிப் போகையில், வீட்டு வாசலில் விடைபெறுவதுபோல "போட்டு வாறன்" என்றீர்கள். அடுத்து நான் பார்த்தபோது ஒரு ரோஜாச் செடி வேலிக்குள் கிடந்தீர்கள்.

தூக்கிவிட்டபோது, "நீர்தானே எண்ணெய் பிரேக் எண்டனீர்" என்று முனகினீர்கள். வீட்டில் அக்கா இடுப்பில் கைவைத்து நின்றதும், "நான்தான்க்கா எண்ணெய் போட்டேன், தெரியாம பண்ணிட்டேன்" என்றேன். சைக்கிள் பிழைத்தது, என் பெயர் போனது. அதன் பிறகு நான் வந்தாலே அக்கா சைக்கிள் நிற்கும் கராஜைப் பூட்டினார்.

உங்கள் முப்பத்தோராம் நாள் காரியத்தன்று சமையலறையில் வைத்து அக்கா மெதுவாகச் சொன்னார்: "பூசினது அவர்தான் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும், தம்பி. கை முழுக்க மணத்தது. சைக்கிள் இல்லாட்டி அந்த மனுசன் வாடிப்போயிடும் எண்டுதான் பேசாமல் விட்டனான்."

அந்நேரம் உங்கள் மச்சாள் ஒருவர் உள்ளே வந்து, நான் யாரென்று கேட்டார். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"பிரேக்குக்கு எண்ணெய் பூசின தம்பி இவர்தான்."

உங்கள் பேச்சிலேயே "ஓம்" என்றேன். யார் கேட்டாலும் இனி அதுதான் பதில், அண்ணே.