ரோக்கோவுக்கு நான் போட்ட முகம்

பிலடெல்பியா, 1909

பிப்ரவரி 9

பனி விட்டபாடில்லை. கடற்கொள்ளைக் கதைக்குப் படம் கேட்டிருக்கிறார் பத்திரிகை ஆசிரியர் லேத்ரப். கறுத்த தாடிக்காரக் கோழை ஒருவன் மண்டியிட்டு உயிர்ப்பிச்சை கேட்க வேண்டுமாம். மாடலாக ஒன்பதாம் தெருவிலிருந்து ரோக்கோ வந்தார். இத்தாலியிலிருந்து வந்த கொத்தனார், குளிரில் சாந்து உறைந்துவிடுவதால் வேலை இல்லை. மதியம் முழுக்க முழங்காலில் நின்றார், முனகக்கூட இல்லை.

போகும்போது கேட்டார்: "கதையில நான் யாரு மிஸ்?"

"கேப்டன்" என்றேன்.

"கேப்டன் ஏன் மண்டி போடறான்?"

"பிரார்த்தனை பண்றான்."

ஏன் சொன்னேன்? அவர் சந்தோஷப்படட்டும் என்றா? கிடையாது. உண்மையைச் சொன்னால் நாளைக்கு வரமாட்டார், படம் பாதியில் நிற்கும். அவ்வளவுதான்.

பிப்ரவரி 11

படம் முடிந்தது. கண்ணில் அந்தப் பயமும் வஞ்சமும் என் கைவேலை. ஸ்டூடியோவில் என்னோடு வரையும் மேபெல் பார்த்துவிட்டு, "அந்த மனுஷன் மூஞ்சி இப்படியாடி இருக்கு?" என்றாள். கதைக்கு வேண்டியது அது என்றேன்.

பிப்ரவரி 15

லேத்ரப்புக்கு ஏகக் குஷி. வண்ணத்தில் போடுகிறாராம். பெண் வரைந்தது என்று ஒருத்தனும் நம்பமாட்டான் என்றார். பாராட்டாம்!

மே 3

இதழ் வந்துவிட்டது. படத்துக்குக் கீழே, வழக்கம்போல, கதையிலிருந்து ஒரு வரி: "அந்தக் கோழை நாய் உயிருக்காக ஊளையிட்டது." படத்துக்குக் கீழே ஒரு வரி வரும் என்பது எனக்கு எப்படி மறந்தது? ரோக்கோவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. நல்லவேளை — என்று எழுதிவிட்டேன். எழுதிய பிறகு கூசுகிறது.

மே 8

படிக்கத் தெரிந்தவர்களுக்கா ஊரில் பஞ்சம்? மேபெல் ஒன்பதாம் தெருச் சந்தையில் கேட்டு வந்தாள். ரோக்கோ இதழை வாங்கி முடிதிருத்தும் கடைக்குக் கொண்டுபோய், கேப்டனைப் பாருங்கள் என்று எல்லோருக்கும் காட்டியிருக்கிறார். சவரத்துக்குக் காத்திருந்த ஒருவன் அந்த வரியை உரக்கப் படித்து, அவர்கள் பாஷையிலும் சொல்லிவிட்டான். இப்போது அவர் சாரத்தில் ஏறினால், கூட வேலை செய்பவர்கள் கீழேயிருந்து ஊளையிடுகிறார்களாம்.

ஐயோ, என்ன பண்ணிட்டேன் நான்? அந்த மனுஷன் என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதானே கேட்டாரு?

மே 10

ரோக்கோவைப் பார்க்கப் போகவில்லை. தலைவலி என்று மேபெலிடம் சொன்னேன். பொய்தான்.

மே 17

போனேன். சாரத்திலிருந்து இறங்கி வந்தார். மன்னிப்புக் கேட்டேன். திட்டியிருந்தால் தேவலை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "கோழைன்னு சொல்லியிருந்தாலும் வந்திருப்பேன் மிஸ். நடிப்புதானே? தெரிஞ்சு நின்னிருப்பேன்" என்றார்.

அடுத்த கதையில் நிஜமாகவே உங்களைக் கேப்டனாக வரைகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். நான்தான் விடவில்லை.

ஜூலை 2

ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்து நின்றார். புயலில் சுக்கானைப் பிடித்தபடி ரோக்கோ. நான் வரைந்ததிலேயே இதுதான் நல்ல படம். கேப்டன் தான்தான் என்று தெருவில் சொல்லலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். தாராளமாகச் சொல்லுங்கள் என்றேன்.

ஜூலை 9

படத்தைப் பார்த்ததும் லேத்ரப் சிரித்தார்.

"கேப்டன் நம்மாளு மாதிரி இருக்கணும் லோட்டி. இவன் கப்பலைத் திருடினவன் மாதிரில்ல இருக்கான்? முடியை மஞ்சளாக்கு. மூக்கைச் சரிபண்ணு."

மறுத்தால் இந்தக் கதை மட்டுமல்ல, இனி எந்தக் கதையும் எனக்கு இல்லை. அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஜூலை 10

மாற்றிவிட்டேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிட்டது. இவ்வளவு சுலபமா? மேபெல் என்னோடு பேசவில்லை.

ஜூலை 11

ரோக்கோவிடம் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 20

இன்னும் சொல்லவில்லை.

அக்டோபர் 4

இதழ் வந்தது. இந்த முறையாவது ஊரான் வாயால் அவர் தெரிந்துகொள்ளக் கூடாது என்று நானே எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். லேத்ரப் சொன்னதைச் சொன்னேன். முகத்தை மாற்றியது என் கைதான் என்பதையும் சொன்னேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி ஃபிலோமினா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். இது யார் என்று கேட்டிருப்பாள் போல. ரோக்கோ அந்த மஞ்சள் தலையைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு படத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"கழுத்துக்குக் கீழ நான்தான்" என்றார் — முதலில் அவர்கள் பாஷையில் அவளுக்கு, பிறகு எனக்கும் புரியும்படி.

காபி ஆறுகிறது, குடியுங்கள் என்றார். குடித்தேன்.